மடங்கிய விரலும் நார்ப்புரதமும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

உங்கள் அனைவர்க்கும் என் வணக்கம்.

இப்போது நான் கைகூப்பியபோது என் இரண்டு உள்ளங்கைகளும் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொட்டன. மிக எளிய செயல்தான். ஆயினும் இதனைச் செய்ய இயலாதவர்கள் இருக்கின்றார்கள். என் பெரிய தகப்பனார் அவர்களுள் ஒருவர். அவர் கையிலிருந்து தொடங்கி, அந்தக் கைக்குள் நிகழ்ந்தது என்ன என்பதை உயிர்வேதியியல் காட்டும் வழியில் உங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

என் பெரிய தகப்பனார் நம் பக்கத்தார் தோல் ஷாப்பு என்று சொல்லும் தோல் பதனிடும் இடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைக் கையால் தடவிப் பார்த்தே, அதன் நார் உரமானதா, தளர்ந்ததா என்று சொல்லிவிடுவார். ஐம்பத்தைந்து வயதிற்குப் பின் அவருடைய வலக்கை மோதிர விரலின் அடியில், உள்ளங்கையில், பட்டாணி அளவில் ஒரு முடிச்சுத் தோன்றிற்று. வலி இல்லை, ஆகவே அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகளில் அம்முடிச்சிலிருந்து ஒரு கயிறு விரல்வரை ஓடியது. விரல் மெல்ல மெல்ல மடங்கிற்று. பின்னர்ச் சுண்டு விரலும் மடங்கிற்று.

ஊரார் கண்ணுக்கு அது தொழுநோயாகப் பட்டது. முன்னமே நமக்கென்று தனிக் குவளை வைத்திருந்த ஊர் அது. இப்போது நம் தெருவிலேயே சிலர் அவருக்குத் தனிக் குவளை வைத்தனர். அந்த இரண்டாவது குவளைதான் அவரை ஒடித்தது. கையைத் துண்டால் மூடிக்கொண்டே பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். என் தங்கையின் திருமணத்தில் மணமக்கள் தலையில் அரிசி தூவி வாழ்த்தக்கூட அவர் முன்வரவில்லை. கடைசியில் சர்க்கரை நோய்க்காக மருத்துவரிடம் சென்றபோது, அவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தொழுநோய் அன்று, உள்ளங்கைச் சவ்வு சுருங்கும் நோய். நீங்கள் முன்பே வந்திருக்கலாம்" என்றார். பெரிய தகப்பனார் வீடு வந்து, நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார்.

ஓர் உயிர்வேதியியல் ஆசிரியனாக நான் பாடம் நடத்தும் நாளெல்லாம் அந்த மௌனம் என் செவியில் ஒலிக்கின்றது.

அந்நோயின் பெயர் டூபிட்ரான் சுருக்கம். பிரெஞ்சு நாட்டு அறுவை மருத்துவர் கியோம் டூபிட்ரான் பெயரால் அது வழங்குகின்றது. எனினும் அவருக்கு முன்பே 1614இல் பாசல் நகரத்து மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர் மடங்கிய விரல்களைப் பற்றி எழுதினார். தசைநாண்களே இடம்பெயர்ந்தன என்று அவர் கருதினார். 1777இல் லண்டன் மருத்துவர் ஹென்றி கிளைன் இறந்தோர் கைகளை அறுத்து ஆராய்ந்து, குற்றம் தசைநாணில் இல்லை, உள்ளங்கைச் சவ்வில்தான் உள்ளது என்று கண்டார். 1831இல் டூபிட்ரான், இந்நோயோடு இறந்த ஒரு முதியவரின் கையை அறுத்து ஆராய்ந்து அதனையே உறுதி செய்தார். பின்னர் மதுபான வணிகர் ஒருவரின் கையில் அச்சவ்வை வெட்டி விரல்களை நிமிர்த்தினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது.

உள்ளங்கைத் தோலுக்கும் தசைநாண்களுக்கும் இடையே விசிறி போல் விரிந்த ஓர் உறுதியான நார்ச்சவ்வு இருக்கின்றது. நாம் மண்வெட்டியையோ உளியையோ இறுகப் பற்றும்போது உள்ளங்கைத் தோல் நழுவாமல் நிற்பது அதனால்தான். இந்நோயில் அந்தச் சவ்வில் முடிச்சுகள் தோன்றுகின்றன. பின்னர் அவை கயிறுகளாகின்றன. அக்கயிறுகள் விரலை உள்நோக்கி இழுக்கின்றன. பெரும்பாலும் மோதிர விரலும் சுண்டு விரலுமே முதலில் மடங்கும்.

தொழுநோயிலும் பெரும்பாலும் அவ்விரு விரல்களே மடங்குகின்றன. குழப்பம் இங்கிருந்துதான் எழுகின்றது. ஆனால் இரண்டும் வேறு. தொழுநோயில் முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பு கெடுகின்றது. அதனால் உணர்ச்சி குன்றுகின்றது. சிறு தசைகள் மெலிகின்றன. விரலின் அடிமூட்டு பின்னோக்கி வளைய, நடுமூட்டும் நுனிமூட்டும் மடங்குகின்றன. தொடக்கத்தில் மறு கையால் நிமிர்த்தினால் அவ்விரல் நிமிரும். டூபிட்ரான் சுருக்கத்திலோ உணர்ச்சி முழுமையாக இருக்கும்; அடிமூட்டே முன்னோக்கி மடங்கும்; உள்ளங்கையில் கயிறு தட்டுப்படும்; பிறர் இழுத்தாலும் விரல் நிமிராது. இவ்வளவுதான் வேறுபாடு. இதனை அறிய எந்தக் கருவியும் வேண்டுவதில்லை. அந்தக் கையைத் தொட ஒருவர் முன்வந்தால் போதும்.

தொழுநோயாகவே இருந்தாலும் ஒதுக்குவதற்கு நியாயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கின்றேன். வேலூரில் பால் பிராண்ட் என்னும் மருத்துவர் 1940களின் இறுதியிலேயே தசைநாண்களை இடம் மாற்றித் தைத்துத் தொழுநோயாளர் கைகளுக்கு இயக்கத்தை மீட்டுத் தந்தார். 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து வரும் கூட்டு மருந்துகளால் தொழுநோய் முற்றிலும் குணமாகின்றது. மருந்து தொடங்கியவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

அன்பர்களே, இனி அந்தக் கயிறு எதனால் ஆனது என்பதற்கு வருகின்றேன். அது கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் ஆனது. என் பெரிய தகப்பனார் முப்பது ஆண்டுகள் கையால் தடவிய தோலும் அதே கொலாஜன்தான். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்கு மேல் இதுவே. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக் குழாய் எல்லாவற்றிற்கும் உரம் தருவது இது. தச்சர் மரத்தை ஒட்டப் பயன்படுத்திய வஜ்ஜிரம், விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த கொலாஜனே.

இந்த நார் எவ்வாறு கட்டப்பட்டிருக்கின்றது என்னும் வினாவிற்கு விடை பிறந்தது நம் சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜனின் வடிவத்தை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த மாதிரிகள் அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தன. மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு அது. ஒவ்வோர் இழையிலும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள். அவற்றுள் மூன்றில் ஒன்று கிளைசின். எல்லா அமினோ அமிலங்களிலும் சிறியது அது. முறுக்கின் நடுவில் இடம் மிகக் குறுகியது. அங்கே கிளைசின் மட்டுமே பொருந்தும். இழைகள் நிலைபெற வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காய் போன்றவற்றில் உள்ள அச்சத்து அறவே கிட்டாதவர்க்கு ஈறு கரைந்து புண் ஆறாமற் போவது இதனால்தான்.

முறுக்கிய கயிறுகள் தனித்தனியே கிடந்தால் உரம் இராது. ஆகவே அவற்றுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உண்டாகின்றன. தோல் பதனிடுவோர் செய்வதும் இதுவே. பச்சைத் தோலை ஏறத்தாழ 60 முதல் 65 பாகை வெந்நீரில் இட்டால் முறுக்கு அவிழ்ந்து தோல் சுருண்டுவிடும். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பொருள் கொலாஜன் இழைகளைப் பிணைக்கின்றது. குரோமிய உப்பு இன்னும் உறுதியாகப் பிணைக்கின்றது. நன்றாகக் குரோமியத்தில் பதமான தோல் கொதிநீரிலும் சுருங்காது. தோல் ஷாப்பில் ஒரு துண்டைக் கொதிநீரில் இட்டுப் பதம் பார்ப்பது இக்காரணத்தால்தான். ஏட்டில் எழுதப்படாவிட்டாலும், கொலாஜனின் இயல்பு நம் முன்னோரில் பலருக்குக் கைவழி அறிவாக இருந்தது. அந்த அறிவைக் காட்டியே அவர்களை இழிவுசெய்த சமுதாயம், அத்தோலால் ஆன செருப்பை மட்டும் இழிவென்று தள்ளவில்லை.

இங்கே ஒரு வினா எழுகின்றது. தோல் சுருங்குவதற்கு வெந்நீர் வேண்டும். நம் உடலின் இயல்பான வெப்பமோ ஏறத்தாழ 37 பாகைதான். அப்படியானால் உள்ளங்கையில் கொலாஜன் கயிறு எப்படிச் சுருங்கிற்று? கொலாஜன் இழை தானாகச் சுருங்கவல்லது அன்று. இழுத்தது யார்?

விடை 1972இல் வந்தது. ஜூலியோ கபியானி, குய்டோ மஜ்னோ என்னும் இருவர் அந்த முடிச்சுகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். நாரை உண்டாக்கும் உயிரணுக்கள் அங்கே வேற்றுருக் கொண்டிருந்தன. தசையிலுள்ளது போன்ற சுருங்கும் இழைகள் அவற்றினுள் நிறைந்திருந்தன. மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்பது அவற்றின் பெயர். இவை நமக்குப் பகைவர் அல்ல. நம் காலில் முள் கிழித்துப் புண்ணானால், அதன் விளிம்புகளை இழுத்துச் சேர்த்து மூடுபவை இவையே. புண் ஆறியதும் இவை மறைந்துவிட வேண்டும். டூபிட்ரான் நோயில், மூடவேண்டிய புண் ஏதும் இல்லாத இடத்தில் இவை தோன்றி, போகாமல் நின்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன.

கொலாஜனிலும் மாற்றம் காணப்பட்டது. வளர்ந்தோர் உள்ளங்கைச் சவ்வு பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜனால் ஆனது. கருவிலும் புதிய புண்ணிலும் மிகுந்திருக்கும் மூன்றாம் வகைக் கொலாஜன் நோயுற்ற சவ்வில் பெருகியிருப்பதைப் பிரிட்டனைச் சேர்ந்த பெய்லியும் உடன் ஆய்ந்தோரும் 1977இல் காட்டினர். 1981இல் அமெரிக்க நாட்டு ஆய்வாளர் பிரிக்லி பார்சன்ஸ், கிளிம்ச்சர் முதலியோர் இன்னும் விரிவாக ஆராய்ந்தனர். இளம் பிணைப்புகள் பெருகியிருந்தன, ஹைடிராக்சிலைசின் மிகுந்திருந்தது, இழைகளுக்கிடையே உள்ள சர்க்கரைச் சங்கிலிப் பொருள்களும் மாறியிருந்தன. பழைய நார் அகற்றப்பட்டுப் புதிய நார் இடைவிடாது வைக்கப்படுகின்றது என்பதற்கு இவை சான்றுகள்.

இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தளர்ந்துபோன கயிற்றுக் கட்டிலை இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கயிற்றை இழுப்பார். மற்றொருவர் இழுத்த கயிறு நழுவாதபடி அழுத்திப் பிடிப்பார். மீண்டும் இழுப்பு, மீண்டும் பிடிப்பு. உள்ளங்கையிலும் இதுவே நிகழ்கின்றது. உயிரணு சிறிது இழுக்கின்றது. அந்தக் குறுகிய நிலையிலேயே புதிய கொலாஜன் படிந்து, பிணைப்பிட்டுப் பூட்டிவிடுகின்றது. பின்னர் மறுபடியும் இழுப்பு. முடிவில் உயிரணுக்கள் குறைந்து மறைகின்றன. வெறும் கயிறு மட்டும் எஞ்சுகின்றது. உயிரணு இழுக்கின்றது, நார் பூட்டுகின்றது. நான் சொல்ல வந்ததன் சாரம் இந்த ஒரே வாக்கியந்தான். இழுத்தவர் போனபின்னும் பூட்டு நிற்பதால்தான், காலங்கடந்து வருபவர்க்கு மருத்துவம் கடினமாகின்றது.

இந்நோய் யாருக்கு வருகின்றது? வட ஐரோப்பிய மக்களிடையே, குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்த ஆண்களிடம் மிகுதி. நம் நாட்டில் அரிது. மரபுவழிப் பங்கு பெரிது. டென்மார்க்கில் இரட்டையரைக் கொண்டு 2015இல் வெளிவந்த ஆய்வு அப்பங்கை ஏறத்தாழ 80 விழுக்காடு என மதிப்பிட்டது. ஒன்பது மரபிடங்கள் இந்நோயோடு தொடர்புடையவை என 2011இல் கண்டறியப்பட்டது. சர்க்கரை நோய், புகை, மிகுந்த குடி ஆகியவற்றோடும் தொடர்பு உண்டு.

கைவேலை இதற்குக் காரணமா? டூபிட்ரான் ஆம் என்றார். அவரிடம் வந்த வணிகர் மதுப்பீப்பாய்களைத் தூக்கி அடுக்கியவர். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாதம் நடந்தது. தொழிலாளர் சொல் மட்டும் சான்றாக ஏற்கப்படவில்லை. அதிர்வுக் கருவிகளைப் பற்றி வேலை செய்தோரிடம் நோய் கூடுதலாக இருப்பதை எண்ணிக் கணக்கெடுத்த ஆய்வுகள் குவிந்த பின்னரே, பிரிட்டனில் 2019 டிசம்பரில் இது தொழில்வழி நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதிரும் கருவியை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாவது, வாரத்தில் மூன்று நாளாவது, பத்து ஆண்டுகள் பற்றி உழைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நிலக்கரிச் சுரங்கங்களில் துளையிட்ட முதியோர் இதனால் உதவித்தொகை கேட்க வழி பிறந்தது. அவர்களுடைய வியர்வைக்குத் துணை நின்றது பொறுமையோடு எடுத்த கணக்கு. கல் உடைக்கும் கருவியையும் சாலை துளைக்கும் கருவியையும் பற்றுகின்ற கைகள் நம்மிடையே எத்தனை! அக்கைகளைப் பரிசோதித்துக் கணக்கெடுக்கும் மருத்துவரும் ஆய்வாளரும் நம் இளைஞரிடையேயிருந்து எழவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மருத்துவம் பற்றிச் சில சொற்கள். நோயுற்ற சவ்வை அறுத்து நீக்குவது பழகிய முறை. ஊசிமுனையால் கயிற்றை அறுத்து விரலை நிமிர்த்துவது எளிய முறை. மூன்றாவது, கொலாஜனையே கரைக்கும் ஒரு பாக்டீரிய நொதியைக் கயிற்றினுள் செலுத்துவது. 308 நோயாளிகளைக் கொண்டு 2009இல் வெளிவந்த ஆய்வில், நொதி பெற்றோரில் 64 விழுக்காட்டினர்க்கு விரல் ஏறத்தாழ முழுமையாக நிமிர்ந்தது. வெற்று மருந்து பெற்றோரில் 7 விழுக்காட்டினர்க்கே அவ்வாறு நிமிர்ந்தது. 2010இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் 2020இல் ஐரோப்பியச் சந்தையிலிருந்து அதன் உற்பத்தியாளர் விலகினர். நொதி பூட்டை உடைக்கின்றது. இழுக்கும் உயிரணுவைத் தடுப்பதில்லை. ஆகவே எம்முறையிலும் நோய் திரும்பி வரக்கூடும். இழுப்பையே தணிக்கும் மருந்தைத் தேடும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. தொடக்கநிலை முடிச்சில் அடாலிமுமாப் என்னும் மருந்தைச் செலுத்தியபோது முடிச்சின் கடினமும் அளவும் குறைந்தன என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. எண்ணெய் தடவி உருவுவதாலோ, வலிந்து இழுப்பதாலோ கயிறு கரைவதில்லை.

அடிமூட்டு மடங்கியிருந்தால் பெரும்பாலும் நன்றாக நிமிர்த்திவிடலாம். நடுமூட்டு நெடுங்காலம் மடங்கிக் கிடந்தால் மூட்டே இறுகிவிடும். என் பெரிய தகப்பனார்க்கு நேர்ந்தது அதுதான். அறுவைக்குப் பின் மோதிர விரல் நிமிர்ந்தது. சுண்டு விரல் பாதியே நிமிர்ந்தது. அந்தப் பாதியைத் தின்றது நோய் மட்டுமன்று. துண்டின் மறைவில் கழிந்த பதின்மூன்று ஆண்டுகளுந்தான்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கின்றேன். நம்மிடையே டூபிட்ரான் நோய் அரிதாயினும் சர்க்கரை நோய் அரிதன்று. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, கொலாஜன் இழைகளில் ஒட்டி, வேண்டாத பிணைப்புகளை உண்டாக்குகின்றது. பட்டைத் துவர் தோலைப் பிணைப்பது போல, சர்க்கரை நம்மை உள்ளிருந்தே பதனிடுகின்றது என்று சொல்லலாம். அதனால் விரல் மூட்டுகள் பலவும் விறைத்து, கைகூப்பும்போது உள்ளங்கைகளுக்கிடையே இடைவெளி தோன்றும். அது டூபிட்ரானினும் வேறானது. ஆனால் அதுவும் ஓர் எச்சரிக்கை.

ஆகவே இளைஞர்களே, இன்று வீடு சென்றதும் இரண்டு செயல்களைச் செய்யுங்கள். உங்கள் தாய் தந்தையரை, பாட்டனார் பாட்டிமாரைக் கைகூப்பச் சொல்லுங்கள். இடைவெளி இருந்தால் சர்க்கரையைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். பின்னர் உள்ளங்கையை ஒரு பலகையின்மேல் தட்டையாக வைக்கச் சொல்லுங்கள். விரலோ உள்ளங்கையோ படியாமல் தூக்கி நின்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முடிச்சு மட்டும் இருந்து விரல் மடங்கவில்லையென்றால் அஞ்ச வேண்டா. கவனித்து வந்தால் போதும். விரலில் உணர்ச்சி குன்றியிருந்தால் நாள் கடத்தாது காட்டுங்கள்.

என் பெரிய தகப்பனார் அறுவை முடிந்து வந்தபின், முதல் வேலையாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நம் தெருத் தேநீர்க் கடைக்குச் சென்றார். தமக்கென்று ஒதுக்கியிருந்த குவளையை எடுத்துத் தம் கையாலேயே குப்பையில் எறிந்தார்; மற்றவர் குடிக்கும் குவளையில் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு குவளைக்குப் பின்னால் 1777 முதல் இன்றுவரை உள்ளங்கையை ஆராய்ந்த பலருடைய உழைப்பு இருந்தது என்பதை அவர் அறியார். நான் அறிவேன். நீங்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.